அக்கா அழிக்க மறுத்த படங்கள்

விசைப்பலகையும் பெட்டியும் ஒன்றாக வார்த்த, நிறம் மஞ்சளித்துப்போன பழைய வீட்டுக் கணினி ஒன்று. அக்காவை நினைத்தால் அதுதான் முதலில் கண்ணில் வரும். போர்நிறுத்தத்தில் வன்னிக்குப் பாதை திறந்த காலத்தில் ஜேர்மனியிலிருந்து வந்த மாமா, அதைக் கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் விட்டுப்போனார். சங்கீத ஆசிரியையான அக்கா அதைத் தொலைக்காட்சியோடு பூட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மெட்டுகள் அமைத்தார். சேமிப்பதெல்லாம் பிளொப்பித் தட்டுகளில்தான். வன்னிப் புழுதிக்கு அவை தாங்கவில்லை. கலைவிழாவுக்கென்று பல நாள் மினக்கெட்டு அமைத்த மெட்டு ஒருநாள் திறக்க மறுத்தது. அக்கா அழவில்லை. திரையை அணைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். அன்று சம்பலில் உப்புக் கூடியிருந்தது.

தட்டுகளை நம்பாமல் கணினிக்குள்ளேயே சேமிக்க ஹாட் டிஸ்க் வேண்டும்; புதியது எங்களுக்கு எட்டாத விலை. பழுதான மடிக்கணினியில் கழற்றிய சின்ன டிஸ்க் அதற்குள் பொருந்தும் என்று மாமா தொலைபேசியில் சொல்ல, அக்காவும் நானும் வவுனியாவுக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா; மலிவாக ஒன்று எடுத்தார். வேலை செய்கிறதா என்று தன் கணினியில் பூட்டிப் பார்த்தபோது படங்கள் விரிந்தன. பிறந்தநாள் தொப்பியோடு ஒரு குழந்தை. மூக்கு நுனியில் கேக் பூச்சு.

"எல்லாத்தையும் அழிச்சாத்தான் உங்கட மெசின் இத ஏற்கும் தங்கச்சி. அழிக்கட்டா?"

"பொறுங்கோ நானா. பிள்ளையின்ர தாயிட்ட வேற படம் இருக்குதோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்? சீடியில எடுக்கேலாதோ?"

"சீடி எழுதுற சாமான் பழுது. திருத்தக் குடுத்திருக்கிறன். நாளாகும்."

"அப்ப இது இங்கயே இருக்கட்டும். இத வித்த ஆக்களை விசாரிச்சுப் பாருங்கோ."

இன்று நொடிக்கொரு படம் எடுத்து அடுத்த நொடியே அழிக்கிறேன். அழிக்கும்போதெல்லாம் அந்த 'பொறுங்கோ' காதில் விழுகிறது. அன்றோ எனக்குக் கோபம். வெறுங்கையோடு திரும்பினோம். கலைவிழாவில் பிள்ளைகள் சுருதிப்பெட்டியோடு மட்டும் பாடினார்கள்.

நானா தேடிக் கண்டுபிடித்துவிட்டார். நாங்கள் மறுபடி போனபோது, வவுனியாவிலேயே இருந்த அந்தத் தாய் கடையில் காத்திருந்தார். படத்தில் இருந்த குழந்தை, முன்பல் விழுந்த சிறுமியாக அவரது சேலையைப் பிடித்து நின்றாள்.

"தம்பி வெளிநாட்டால வந்து எடுத்த படங்கள். மெசினோட எல்லாம் போச்சுதெண்டு இருந்தனான்" என்றவர், திரையைத் தொடப்போன விரலை மடக்கிக்கொண்டார். நானா படங்களைச் சீடியில் எழுதிக் கொடுத்தார். பிறகுதான் டிஸ்க்கை அழிக்க அக்கா தலையசைத்தார்.

அந்த டிஸ்க்கில் நிறைய மெட்டுகள் சேர்ந்தன. யுத்தம் திரும்பி வந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது, கணினியோடு அத்தனையும் வீட்டோடு போயின. முல்லைத்தீவு வரை ஓடி, கடைசியில் முள்வேலி அடைத்த வவுனியா அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். ஒருநாள் ஒலிபெருக்கி அக்காவைக் கூப்பிட்டது. கம்பிக்கு அப்பால் அந்தத் தாய் நின்றார்.

"வாற சனத்திட்டயெல்லாம் கிளிநொச்சிச் சங்கீத ரீச்சரை விசாரிச்சனான். வெளிய விட்டவுடனே நேரா எங்கட வீட்டுக்குத்தான் வரவேணும்."

"நாங்கள் ஏழு பேரம்மா" என்றார் அக்கா தயங்கி.

"ஏழு பேருக்கும் பாய் வாங்கி வைக்கிறன் ரீச்சர்."

அத்தனை மாதங்களில் அக்கா அழுததை அன்றுதான் கண்டேன். இப்போதும் வவுனியாவுக்குப் போனால் நாங்கள் தங்குவது அந்த வீட்டில்தான்.