வேண்டாம் என்று சொன்னது யார்

ராசாத்தி அக்காவைப் பற்றி ஒரு நாவல் வந்திருக்கிறது. அதில் அவள் பெயர் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர் யார் படித்தாலும் அது அவள்தான் என்று சொல்லிவிடுவார்கள். முழங்கையில் உள்ள சூட்டுத் தழும்பு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கும் நடை, தெருக்கோடிவரை கேட்கும் குரல், எல்லாம் அப்படியே இருக்கிறது. எழுதியவள் அவளுடைய மகள் மணிமொழி. சென்னையில் வேலை பார்க்கிறாள். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் படிப்பதற்கென்று எழுதியதாம். அந்த நாவலில் வரும் அம்மா ஒரு கல்நெஞ்சுக்காரி.

படித்து முடித்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை.

எங்களுடையது குன்னத்துக்குப் பக்கத்து ஊர். அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே பேசுவது இங்கே கேட்கும். நான் எட்டாவதோடு நின்றவள், அதிகம் பேச மாட்டேன். அக்கா அப்படி இல்லை. சின்ன வெங்காயம் பிடுங்கித் தாள் அறுக்கும் காலத்தில் பெண்களைத் திரட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான். யார் கொல்லையில் விளைந்த வெங்காயத்தை முதலில் பிடுங்குவது, யார் கொல்லைக்குப் பிறகு போவது என்பதெல்லாம் அவள் முடிவு. மழை இறங்குவதற்குள் அறுத்துக் காயவைக்காவிட்டால் வெங்காயம் அழுகிவிடும். அதனால் அந்த நேரத்தில் ஊரில் பெரிய ஆட்களெல்லாம் அவள் வாசலில் வந்து நிற்பார்கள்.

"போன வருஷம் நீங்க ஊத்துன டீயில பால் இருந்துச்சா, தண்ணி இருந்துச்சா? அத மொதல்ல சொல்லுங்க பெரியவரே" என்று கேட்டுவிட்டுத்தான் நாள் சொல்வாள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. புத்தகம் வந்த அன்று கையில் வாங்கி, அட்டையில் இருந்த பெண்பிள்ளையின் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் இளையபெருமாள் மாமாதான் அதை வைத்திருக்கிறார். பாலித்தீன் பையில் போட்டு டீக்கடைக்கு எடுத்துப்போகிறார். நாவலில் வரும் அப்பா அதிகம் பேசாதவர். மகளின் படிப்பு நின்றுபோனதற்காக மாட்டுக் கொட்டகையில் நின்று அழுகிறார். கடைசியில் மகளை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். மாமா அந்தப் பக்கங்களை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு டீக்கடையில் வாசித்துக் காட்டுவார்.

நான் கேட்டபோது, "அழுக்காக்காமத் தா" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

நாவல் நன்றாக இருக்கிறது. அதுவே என் கோபத்தை இன்னும் கூட்டுகிறது. வயதுக்கு வந்த பிள்ளையைப் பச்சை ஓலைக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட மணி அடிப்பது அவளுக்குக் கேட்கிறது. இது கணக்குப் பாடம், இது சத்துணவு, இப்போது என் இடத்தில் யார் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறாள். நான் புத்தகத்தை மூடிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நானும் அப்படி உட்கார்ந்தவள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகாதவள். எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது மனதில் என்ன ஓடியது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மணிமொழி எழுதியிருக்கிறாள். அதற்காக அவளைக் கும்பிடலாம்.

அடுத்த பக்கத்திலேயே அம்மா வந்து நிற்கிறாள். "படிச்சது போதும். இன்னமே வூட்டுல கெட" என்கிறாள்.

அது பொய் இல்லை. அக்கா அப்படிச் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் நான் கேட்டேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மகள் வயதுக்கு வந்துவிட்டால் அப்பா அவளிடம் நேராகப் பேசுவது குறைந்துவிடும். சில வீடுகளில் நின்றே போகும். எதுவானாலும் மனைவியிடம்தான் சொல்வார். 'அவள வாசல்ல நிக்க வேணாம்னு சொல்லு.' 'அவள சத்தமாச் சிரிக்க வேணாம்னு சொல்லு.' மகள் அங்கேயேதான் இருப்பாள். ஆனாலும் அம்மா அதை வாங்கி மறுபடியும் சொல்ல வேண்டும். சந்தைக்குப் போய் வந்தால் மிக்சர் பொட்டலத்தை மட்டும் அப்பா தன் கையாலேயே கொடுப்பார். வேண்டாம் என்பதெல்லாம் அம்மா வாயால் வரும். மிக்சர் அப்பா கையால் வரும். பிள்ளை யாரை வெறுக்கும்?

அன்று அடுப்படியில் நின்று, "அவ படிச்சது போதும்னு சொல்லிடு" என்றவர் மாமாதான். அக்கா விடாமல் எதிர்த்துப் பேசினாள். தட்டு பறந்து விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவள் மகளிடம் போய்ச் சொன்னாள்.

அதோடு அவள் விடவில்லை. அந்த வருஷம் மாமா நிறைய வெங்காயம் போட்டிருந்தார். பிடுங்குகிற நேரம். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு நின்றது. அக்கா எங்களையெல்லாம் கூட்டிச் சொன்னாள்: "எல்லார் கொல்லைக்கும் போவோம். எங்க கொல்லைக்கு மட்டும் போவ வேணாம். எம்மவ பள்ளிக்கூடம் போனாத்தான் நான் அங்க அருவா தொடுவேன்."

"உங்க வூட்டு வெங்காயம்தானக்கா அழுவிப்போவும்" என்று மலர்க்கொடி சொன்னாள்.

"அழுவட்டுமே. வெங்காயம் இல்லாமக் கொழம்பு வெச்சா நீ சாப்புட வரமாட்டியா?"

மாமா ஆள் தேடிப் பூலாம்பாடி வரைக்கும் போய்ப் பார்த்தார். அந்த நேரத்தில் எங்கே ஆள் கிடைக்கும்? ஒருநாள் காலையில் வண்டியை எடுத்தார். மணிமொழியைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அன்று மதியமே நாங்கள் அவர் கொல்லையில் இறங்கிவிட்டோம்.

நாவலில் அந்த வண்டிப் பயணம் இரண்டு பக்கத்துக்கு வருகிறது. அப்பாவின் முதுகு, சட்டையின் வியர்வை வாசனை, வழியெல்லாம் மக்காச்சோளம். வெங்காயத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பெரம்பலூரில் ஞாயிற்றுக்கிழமை நாவலுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. மணிமொழி வந்து அம்மாவையும் அப்பாவையும் மேடையில் உட்கார வைக்கப்போவதாக அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். புதுச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அவளுக்கு மட்டும் தெரியாமல் அவள் போய் உட்காரக் கூடாது என்று எனக்குப் பட்டது. மதியத்தில் அவள் புளி ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன்.

முதலில் சிரித்தாள். "நான் நடக்குறத நல்லாப் புடிச்சிருக்கா, கழுத" என்றாள். அந்தப் பக்கம் வந்ததும் எனக்குக் குரல் இறங்கிவிட்டது.

"ஏன் முழுங்குற? நல்லாப் படி."

படித்தேன். அவள் கை புளியிலேயே இருந்தது.

"அவங்கப்பா மாட்டுக் கொட்டாயில அழுதாராமா?"

"அப்புடித்தான் எழுதியிருக்குக்கா."

"அங்க நின்னு பீடி குடிச்சாரு. பொகை கண்ணுல பட்டிருக்கும்."

கடைசிப் பக்கம்வரை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சனிக்கிழமை மணிமொழி வந்தாள். நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் கீழே உட்கார்ந்திருந்தோம்.

"படிச்சீங்களாமே சித்தி. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. கோவமாவும் வந்துச்சு."

"அந்த அம்மா மேலதானே? எல்லாருமே அதான் சொல்றாங்க" என்று சிரித்தாள். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். நடந்தது எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"ராசாத்தி, எழுதுறத இந்தக் கூட்டத்தோட நிறுத்திக்கச் சொல்லு அவள. வேலைய வுட்டுட்டு வந்துரட்டும். செந்துறையில ஒரு எடம் கேக்குறாங்க. தையில முடிச்சுடலாம்."

மணிமொழி சட்டென்று அம்மாவைத்தான் முறைத்தாள். "ஏம்மா, இன்னுமா நீ திருந்தல?"

"நான் வாயத் தொறந்தனாடி?" என்றாள் அக்கா. பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. இங்கதான உக்காந்திருக்கா. பேரச் சொல்லிக் கூப்புட்டுச் சொல்லுங்க."

மாமா ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினார்.

"அன்னைக்குப் படிச்சது போதும்னதும் நீங்கதான். நான் அத வாங்கிட்டுப் போயி அவ தலையில போட்டேன். இன்னமே போட மாட்டேன்."

மணிமொழியின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "இத்தன வருஷமா இத ஏம்மா நீ சொல்லல?" அவள் குரலில் இருந்ததும் கோபம்தான்.

"நீ என்னைய என்னான்னு நெனச்சிட்டிருந்தேன்னு எனக்குத் தெரியுமா? இவ படிச்சுக் காட்டித்தான தெரிஞ்சுது."

மணிமொழி நாற்காலிப் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்களா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

மாமா அவளைப் பார்க்கவில்லை. அக்காவிடம் சொன்னார்: "அவள எந்திரிச்சு உள்ள போகச் சொல்லு."

அக்கா அதைச் சொல்லவில்லை. மணிமொழியும் எழுந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் அடுத்த வீட்டுக்காரி எழுந்து போய்விட வேண்டும். நான் உட்கார்ந்தே இருந்தேன்.