இஷ்பெல்லின் வண்டிக்குள் பதினான்கு டிகிரி

இஷ்பெல் கில்கிறிஸ்ட் அந்த வண்டி வீட்டை வாங்கியபோது அதற்கு வயது முப்பத்தாறு, அவளுக்கு அறுபத்திரண்டு. உள்ளேயே கட்டில், அடுப்பு, சின்ன ஹீட்டர், கழிப்பறை எல்லாம் இருந்தன. கோடையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்வர யாரோ ஆசையாகக் கட்டிய வண்டி. ஸ்பே ஆற்றங்கரைப் பனியில் குடியிருக்கக் கட்டியது அல்ல.

பத்தொன்பது வருடம் டல்ரெய்க் ஊர்ப் பள்ளியில் சமையல்காரியாக இருந்தவள். அத்தனை வருடமும் ஒரே வாடகை வீடு. வீட்டுக்காரர் இறந்ததும் அவர் மகன் வந்து, சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போவதாகச் சொல்லி இரண்டு மாதம் தவணை கொடுத்தான். ஊரில் வேறு வீடு கிடைக்கவில்லை. பாதி வீடுகள் ஏற்கெனவே சுற்றுலாக்காரர்களிடம் போயிருந்தன. தம்பி டூகல்ட் தன் புது வீட்டின் பின்னறையைத் தருவதாக மதுக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னான். மனைவியின் தையல் மெஷின் அங்கேயேதான் இருக்கும், எட்டு மணிக்கு மேல் ரேடியோ கூடாது, புகை பிடிக்கக் கூடாது என்று நிபந்தனைகளையும் அங்கேயே சொல்லி முடித்தான்.

மறுவாரம் அவள் வண்டியோடு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அதுலயா குளிர்காலத்த ஓட்டப் போற? வெறும் தகர டப்பா, இஷ்பெல். நவம்பர்ல நீயே வந்து என் கதவத் தட்டுவ."

"தட்டினா திறக்காத. தையல் மெஷின் பயந்துடப் போகுது."

ஊருக்கு வெளியே ஃபின்லே மன்ரோவின் முகாம் மைதானம் இருந்தது. பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் குளிர்காலம் முழுக்க அங்கே வண்டிகளை நிறுத்துவார்கள். எல்லாம் புது வண்டிகள். பழைய வண்டிகளை அக்டோபரோடு கிளப்பிவிடுவது ஃபின்லேயின் வழக்கம். நாற்பது வயதுக்காரன், கெட்டவன் இல்லை. இஷ்பெல் குளிர்காலத்துக்கு இடம் கேட்டபோது கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பெரியவர் இதே மாதிரி வண்டியில இருந்தாரு. காலையில கதவத் திறந்தா உதடெல்லாம் நீலமாகி, பேச்சு வராமக் கிடந்தாரு. பிழைச்சுட்டாரு. ஆனா அந்த மூஞ்சிய என்னால மறக்க முடியல. இன்னொரு தடவை அப்படி ஒரு கதவ நான் திறக்க மாட்டேன்."

"அவரு மீன் கிடங்குல வேலை பார்த்தாரா?"

"இல்ல."

"நான் பார்த்திருக்கேன். பிரேசர்பரோவுல இருபத்து நாலு வருஷம். மைனஸ் இருபத்தஞ்சுல பெட்டி அடுக்கினவ. குளிரப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்."

ஃபின்லே யோசித்தான். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். வெளியே மைனஸ் பத்துக்குக் கீழே இறங்கும் ஒரு நாள் விடிகாலையில் வெப்பமானியோடு வருவான். உள்ளே பதினாறு டிகிரி இருந்தால் அவள் தங்கலாம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டித் தம்பி வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"பதினாறா? சரி. எழுதி வேணும்னாலும் கொடுக்கறேன்" என்றாள்.

அவ்வளவு வாய் பேசியவள் முதலில் செய்ததெல்லாம் தப்பு. கடைக்காரர் சொன்னதை நம்பி, பளபளவென்று வெள்ளி பூசிய குமிழ்த் தாளைச் சுருள் சுருளாக வாங்கிவந்து சுவர், கூரை, கட்டிலடி என ஓர் இடம் விடாமல் ஒட்டினாள். தரையில் இரண்டு சின்ன ஓட்டைகள் வழியாகக் காற்று சில்லென்று ஏறியது. அவற்றையும் நாடா போட்டு அடைத்தாள். உள்ளே கதகதப்பாகத்தான் இருந்தது. மூன்று வாரம் ராணி மாதிரி இருந்தாள்.

நவம்பர் நடுவில் ஒரு மத்தியானம், மனைவி கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்கு சூப்போடு டூகல்ட் வந்தான். இஷ்பெல் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அது கொதிப்பதற்குள் சுவரில் இருந்த விஷவாயு எச்சரிக்கைக் கருவி வீறிட ஆரம்பித்தது. டூகல்ட் அடுப்பை அணைத்து அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். இரண்டு பேரும் பனியில் செருப்பில்லாமல் நின்றார்கள்.

"அந்த ஓட்டை ரெண்டும் எதுக்குன்னு நினைச்ச? கேஸ் கசிஞ்சா கீழ இறங்கி வெளிய போக. அடுப்புக்கு மூச்சு விட. அதப் போய் அடைச்சிருக்க!" டூகல்ட் கத்தினான். "செத்திருப்ப, இஷ்பெல். செத்துப் போயிருப்ப!"

அவன் சொன்னது உண்மை.

அவன் போனதும் கதவுகளை விரியத் திறந்துவைத்து நாடாவைக் கிழித்தாள். ஆத்திரம் அடங்காமல் கட்டிலடித் தாளையும் உரித்தாள். பின்னால் சுவர் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. மெத்தையின் அடிப்பக்கம் பிழிந்தால் தண்ணீர் வரும்போல் இருந்தது. எல்லாம் அவள் மூச்சு, அவள் சூப்பின் ஆவி. வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த தகரத்தில் போய் ஒட்டிக்கொண்ட ஈரம்.

தம்பி மேலும் கடைக்காரர் மேலும் வராத கோபம் அவளுக்குத் தன் மேல் வந்தது. கிடங்கில் திருகாணியின் தலையில் பனி பூத்திருந்தால், குளிர் அங்கே கசிகிறது என்று மேஸ்திரிக்கே சுட்டிக்காட்டியவள் அவள். உள்ளிருந்து வெளியே போகும் ஒவ்வோர் இரும்புத்துண்டும் குளிருக்கு ஒரு பாதை. தெரிந்ததை விட்டுவிட்டுப் பளபளப்பைப் பார்த்து ஏமாந்திருக்கிறாள்.

தாள் முழுவதையும் உரித்துக் குப்பையில் போட்டாள். பிறகு பத்து நாள், ஒவ்வொரு காலையும் போர்வையோடு எழுந்து டார்ச் விளக்கை அடித்துச் சுவரைத் தடவிப் பார்த்தாள். நீர் முத்து கோத்திருக்கும் இடத்திலெல்லாம் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள். நாற்பத்து மூன்று புள்ளிகள். அம்மை வந்த குழந்தை மாதிரி இருந்தது வண்டி.

புள்ளி புள்ளியாக வேலையை ஆரம்பித்தாள். தரை விரிப்பைத் தூக்கி, அழுத்தினால் அமுங்காத நுரைப்பலகையை வெட்டிப் பரப்பி, அதன் மேல் மரப்பலகை அடித்தாள். இரும்பு விலா எலும்புகள் தெரியும் இடங்களில் நுரைத்தாளை இடைவெளி இல்லாமல் ஒட்டினாள். அலமாரிகளின் முதுகிலும் அதுவே. மெத்தைக்கு அடியில் காற்று ஓட மரச்சட்டம் போட்டாள். ஓட்டுநர் இருக்கைப் பக்கம்தான் பெரிய எதிரி. ஒற்றைக் கண்ணாடியும் வெறும் தகரமும். கண்ணாடிக்கு வெளியே தடித்த போர்வை உறை தைத்து மாட்டினாள். இருக்கைகளுக்குப் பின்னால் தரையைத் தொடும் கம்பளித் திரை. வண்டியைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தார்ப்பாய் கட்டிக் காற்று அடியில் புகாமல் தடுத்தாள். தரை ஓட்டைகளுக்கு நேரே மட்டும் தார்ப்பாயில் ஒரு கை அகலத்துக்கு வெட்டித் திறந்துவிட்டாள். சமைக்கும்போதெல்லாம் கூரை ஜன்னல் ஒரு விரல் திறந்திருந்தது.

"அத்தன வேலையும் பண்ணிட்டு ஜன்னலத் திறந்து வைக்கறாங்க பாரு" என்று பக்கத்துப் புது வண்டிக்காரர் சிரித்தார்.

"உங்க வண்டி மூக்கடைச்சுக் கிடக்கு. என் வண்டி மூச்சு விடுது" என்றாள் இஷ்பெல்.

ஜனவரி இரண்டாம் வாரம் வெளியே மைனஸ் பதினேழு. காலை ஏழு மணிக்கு ஃபின்லே கதவைத் தட்டினான். மீசையில் பனி. வெப்பமானியை மேசை மேல் வைத்தான். இஷ்பெல் ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டே நின்றாள். பத்து நிமிடம் போனது.

பதினான்கு.

ஃபின்லேயின் முகம் சுருங்கியது. "வருத்தமா இருக்கு. ஆனா பேச்சு பேச்சுதான்."

இஷ்பெல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பத்தொன்பது வருஷம் இருந்தேனே, அந்தக் கல் வீடு, அதுல ஜனவரி காலையில என்ன இருக்கும்னு தெரியுமா? ஒன்பது. நல்ல நாள்னா பதினொண்ணு. குளியலறைச் சுவர்ல தண்ணி வழியும். படுக்கையிலயே கோட்டு மாட்டிப்பேன். பத்தொன்பது வருஷம், ஃபின்லே! ஒருத்தனாவது வெப்பமானியத் தூக்கிட்டு வந்தானா? வீட்டுக்காரன் வந்தானா? கவுன்சில் வந்துச்சா? அது வீடாம், அதனால பரவாயில்லையாம். இது வண்டியாம், அதனால நான் செத்துப் போயிடுவேனாம்!"

ஃபின்லே கையுறையைக் கழற்றிச் சுவரைத் தொட்டான். கட்டிலடியில் கைவிட்டுத் துழாவினான். எங்கும் ஈரம் இல்லை. சிவப்புப் புள்ளி ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"மிச்சம் ரெண்டு டிகிரி எங்க போகுது?"

"உன் காலடியில. வாசப்படிக் குழி. அதுக்கு இன்னும் வழி தெரியல."

அவன் போய்விட்டான். அரைமணி நேரத்தில் தன் கொட்டகையிலிருந்து ஒரு சுருள் தடித்த கம்பளியும் பலகைத் துண்டும் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் மண்டியிட்டு, படிக்குழிக்கு மேலே தூக்கி மூடுகிற மாதிரி ஒரு மூடி செய்தார்கள். நடுவில் கஞ்சி ஆறிப்போனது, அப்படியே குடித்தார்கள்.

மறுநாள் காலை மைனஸ் பதினாறு. ஃபின்லே மறுபடி வந்து வெப்பமானியை உற்றுப் பார்த்தான்.

"பதினாறு" என்று சத்தமாகப் படித்தான்.

இஷ்பெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "பதினஞ்சரை. எனக்கு யாரும் பிச்சை போட வேணாம்."

"சரிம்மா, பதினஞ்சரை. இருந்துக்கோங்க."

பிப்ரவரியில் டூகல்ட் வந்தான். முதலில் தரை ஓட்டைகளைக் குனிந்து பார்த்தான். திறந்தே இருந்தன. உட்கார்ந்து தேநீர் குடித்தான். மின்சாரக் கட்டணத்தைத் திட்டினான். மனைவியின் தையலைத் திட்டினான். பேச்சுவாக்கில் கோட்டைக் கழற்றி முழங்காலில் போட்டான். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரையும்.

"அந்தப் பின்னறை இன்னும் காலியாத்தான் இருக்கு" என்றான்.

"யாருக்காவது வாடகைக்கு விடு. ஊர்ல வீடில்லாம நிறையப் பேர் அலையறாங்க."

அவன் இன்னொரு கோப்பைத் தேநீர் கேட்டான். இஷ்பெல் கூரை ஜன்னலை ஒரு விரல் திறந்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.