நான் வற்றவைத்த ஊற்று

மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வருடம் நானும் என் வீட்டுக்காரரும் மலாக்காவில் காஜா பெராங் என்ற இடத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு செட்டிப் பெண் தனியாக இருந்தாள். மலாக்காச் செட்டிகள் கோயிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அவளுக்கும் தமிழ் பத்து வார்த்தைக்கு மேல் வராது. நான் அவளை அக்கா என்பேன். அந்தப் பத்தில் அதுவும் ஒன்று.

அக்காவுக்குக் கழுத்திலும் கைகளிலும் தோல் செதில் செதிலாக உரியும். எந்த வெயிலிலும் முழுக்கை வைத்த மலாய்ச் சட்டை, கெபாயாதான். ஒரு மழைநாளில் என் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். சுடுநீர் ஊற்றில் குளித்தால் தோல் வியாதி போகும் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போயிருக்கிறாள். அவள் இறங்கியதும், குளித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து கரையேறிவிட்டார்கள். இவள் மட்டும் கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்தாளாம்.

அப்போது நான் கதை எழுத ஆரம்பித்திருந்தேன். ஒன்றுகூட அச்சாகவில்லை. கோலாலம்பூர் வார இதழ் ஒன்று மெர்டேக்கா மலருக்குக் கதை கேட்டது. இரண்டு நிலா காயும் ஒரு நாட்டைக் கற்பனை செய்தேன். அங்கே மலையடியில் தெய்வம் குடியிருக்கும் சுடுநீர் ஊற்று. உடம்பெல்லாம் மீன் செதில் கொண்ட ஒருத்தி அதில் கால் வைக்கிறாள், தெய்வம் முகம் சுளிக்கிறது, ஊற்று வற்றிப்போகிறது. எழுதும்போது அக்காவின் முகம்தான் கண்முன்னே இருந்தது. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதும் நினைவில் இருந்தது.

கதை வந்தது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி. பெருமை தாங்காமல் மூன்று பிரதி வாங்கி வந்தார். சாயங்காலம் அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தபோது, அவளை உட்காரவைத்து வரிக்கு வரி மலாயில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார். நான் கறிவேப்பிலைக் கொத்தோடு நின்றேன்.

இரண்டு நிலாவுக்கு அக்கா சிரித்தாள். மீன் செதில் வந்ததும் கெபாயாவின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். முடிவுவரை கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து மலாயில் மெதுவாகச் சொன்னாள்.

“எழுந்து போனது பொம்பளைங்கதான். தண்ணி அங்கேயேதான் இருந்துச்சு, சுடச்சுட. நீ ஏன் தண்ணியையும் போக வச்சே?”

“அது வேற யாரோக்கா. சும்மா கதை” என்றேன்.

கதையைவிட அந்தப் பதில்தான் இன்றைக்கும் என்னைத் தலைகுனிய வைக்கிறது. அவள் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என்ன விஷயம் என்று வீட்டுக்காரர் கேட்டார், சொன்னேன். அவர் மூன்று பிரதிகளையும் எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார்.

ஒரு வாரம் அவள் வாசல் பக்கமே நான் போகவில்லை. பிறகு போய், தப்புச் செய்துவிட்டேன் என்றேன். இன்னொரு தடவை ஊற்றுக்குப் போகலாம், நானும் கூடவே இறங்குகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. தட்டில் பலகாரம் வைத்தாள். தின்றேன், ருசி தெரியவில்லை.

அதன் பிறகும் நான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து வீடுதான். எனக்குப் பிள்ளை பிறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்தான். ஆனால் தன்னைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஏதாவது கேட்டால் மீன் விலை சொல்வாள். நானும் மீன் விலையைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.