பகுதி முடியும்வரை வாசலில்

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடையில் இறங்கிப் பானுவின் வீடு எது என்று கேட்டால், "கம்ப்யூட்டரு பேசுற ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். சாலையிலிருந்து சரிவில் இறங்கிப் போனால், காப்பிச் செடிகள் முடியும் இடத்தில் ஒரு தகரக் கூரை வீடு. பகலெல்லாம் அங்கே ஒரு குரல் ஏற்ற இறக்கமில்லாமல் இங்கிலீஷில் ஒப்பித்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுப் பழகாதவர்கள் சன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

பானு எஸ்டேட்டில் பழம் பறித்த வீராயியின் ஒரே மகள். சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தபோதே பொழுது சாய்ந்தால் கண் மங்க ஆரம்பித்துவிட்டது. விழித்திரை நோய், மருந்தில்லை என்றார்கள். படிப்பை முடித்தாள், வேலைக்குச் சேர்ந்தாள், ஜீப் ஓட்டும் தினேஷைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு சில மழைக்காலங்களிலேயே பார்வை முழுதாகப் போயிற்று. வேலையை மட்டும் விடவில்லை. மருந்துக்கடைகளில் பில் போடும் மென்பொருள் எழுதுகிற சின்னக் கம்பெனி அது. வீட்டிலிருந்தே செய்து கொடுக்கச் சொன்னார்கள். நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருளின் விசைகள் விரலுக்குத் தெரிந்திருந்தன. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் குரல் படித்துச் சொன்னது.

கையேடுகள்தான் படுத்தின. எந்தக் கட்டளை என்ன செய்யும் என்று எல்லாவற்றையும் யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது; அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் பார்க்கலாம் என்றால், பனிமூட்டம் இறங்கியதும் சிக்னல் போய்விடும். சிக்னல் இருக்கும் நாளிலோ விளம்பரங்களுக்கு நடுவில் அந்தக் குரல் வழிதெரியாமல் திணறும். அதனால் தினேஷ் படித்தான். ஏற்காடு பஜாருக்குச் சவாரி போகும்போது கையேடுகளைப் போனில் இறக்கிக்கொண்டு வருவான். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகக் கூவுவான்.

"கில்லு... அண்டு... யாங்க்கு. ஏம் புள்ள, கில்லுன்னா கொல்றதுதானே?"

"ஆமாங்க மாமா. எழுத்தை வெட்டி எடுக்கறதுக்கு அப்பிடிப் பேரு. யாங்க்குன்னா அதையே திருப்பிக் கொண்டாறது."

"கொல்லுவானாம், அப்பறம் அவனே திருப்பிக் கொண்டாருவானாம். நல்லா இருக்குது போ."

ஒருநாள் கூட வேலை செய்யும் ஹேமலதா போனில் பேசும்போது இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "இதுக்கா இத்தனை பாடு? நீ எழுதுற எடிட்டருக்கு உள்ளயே கையேடு பூராவும் இருக்குது பானு. நெட்டே வேண்டாம். கண்ட்ரோலைப் புடிச்சுக்கிட்டு எச்சு, அதை உட்டுட்டு ஐ."

பானு அழுத்தினாள். தான் வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்த அதே இடத்தில் ஒரு கதவு திறந்ததுபோல் இருந்தது. குரல் கையேடுகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னது. வேண்டியதன் பெயரில் சில எழுத்துகளைத் தட்டினால் அது திறந்தது. ஒரு சொல்லைக் கேட்டால் அந்தச் சொல் வரும் பகுதிக்கே கொண்டுபோய் விட்டது. ஒரு விசை அடுத்த பகுதிக்கு, இன்னொன்று வந்த வழியே திரும்ப. விளம்பரமில்லை, படமில்லை, வெறும் எழுத்து. குரல் எங்கும் திணறவில்லை.

தினேஷ் பின்னால் நின்று கேட்டான். "இத்தனை நாளும் உள்ளயேவா இருந்துச்சு?" என்று சிரித்தான். "அப்ப என்ற தொண்டைக்கு ரெஸ்ட்டு." டீ குடிக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். ஜீப்பை மேலே நிறுத்திவிட்டு இறங்கி வருவான். உள்ளே குரல் படித்துக்கொண்டிருந்தால் வாசல்படியிலேயே நின்றுவிடுவான். பகுதி முடிந்து குரல் ஓய்ந்ததும் செருப்பைக் கழற்றுவான். ஒன்று விழும், அப்புறம் மற்றது.

"உள்ள வாங்க, அது பாட்டுக்குப் படிக்கும்" என்பாள்.

"முடியட்டும், முடியட்டும்."

போன மழையில் தினேஷுக்குக் காய்ச்சல் வந்தது. அவன் நண்பன் சத்யராஜ்தான் அதே ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனான். உயிரில்லாத உடம்பாகத்தான் திரும்பி வந்தான்.

காரியமெல்லாம் முடிந்தபின் வீராயி மகளோடு தங்கிவிட்டாள்; பானு மறுபடி வேலைக்கு உட்கார்ந்தாள். ஏதோ ஒரு கட்டளைக்காகக் கையேட்டைத் திறந்தாள். குரல் படித்தது, பகுதி முடிந்து நின்றது. வாசலில் செருப்பு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மற்றது.

தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் கேட்டது. அன்று மழையில்லை. அடுப்படியிலிருந்து வீராயி வந்து மகளின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"நீங்களும் கேட்டீங்களாம்மா?"

"அந்த மிசினு சத்தத்துக்குத்தான் வாராப்பல சாமி. அதை நிறுத்திப்போடு. நல்லா இருப்பே."

பானு நிறுத்தினாள். கையேட்டைத் திறக்காமலே வேலை செய்தாள். தெரியாததை ஹேமலதாவிடம் கேட்டாள், அவள் கிடைக்காதபோது யூகித்து எழுதினாள். யூகம் எத்தனை நாளுக்கு ஓடும்? பில்லில் மாத்திரைகளின் பெயர் இடம் மாறி விழுந்தது. கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஹேமலதா பிரசவ லீவில் இருந்தாள்.

அன்று மத்தியானம் வீராயி ஏற்காட்டுக்குப் போயிருந்தாள். பனிமூட்டம் சன்னல் வழியாக வந்து முகத்தில் ஈரமாக ஒட்டியது. பானு எடிட்டரின் கையேட்டைத் திறந்தாள். குரல் படிக்க ஆரம்பித்தது. பாதியில், சரிவில் யாரோ இறங்கி வருகிற மாதிரி சருகு நொறுங்கியது. பிறகு ஒன்றுமில்லை. படியில் ஒரு ஆள் நிற்கும்போது வாசல் காற்று தடைபடும். கண்ணில்லாதவளுக்கு அது தெரியும்; இப்போதும் தெரிந்தது.

பகுதி முடியப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. முடிந்தால் செருப்பு விழும். அதற்குப் பிறகு ஒருநாளும் யாரும் உள்ளே வந்ததில்லை. முடியாவிட்டால் படியிலேயே நிற்பானோ?

அடுத்த பகுதிக்கான விசையை அழுத்தினாள். குரல் நிற்காமல் தொடர்ந்தது. வாசலில் ஆள் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். தேடி வந்த கட்டளை எங்கோ பின்னால் போய்விட்டது. கொல்வதும் திருப்பிக் கொண்டுவருவதும் பற்றிய பகுதி வந்தது, போனது. காலண்டர், நிலவின் பிறை நாள்கள், சூரியன் மறையும் நேரம், பொழுதுபோக்கு விளையாட்டுகள் என்று ஒரு மருந்துக்கடைக்கும் உதவாத பகுதிகளாக வந்தன. அவள் அர்த்தத்தைக் கேட்கவேயில்லை. குரலை ஓயவிடாமல் பார்த்துக்கொண்டாள். தொண்டை வறண்டது. எழுந்து தண்ணீர் குடிக்கவும் மனம் வரவில்லை.

"நிக்கறீங்களா மாமா?" என்று ஒருமுறை கேட்டாள். குரல் அதுபாட்டுக்குப் படித்தது.

எவ்வளவு பெரிய கையேட்டுக்கும் கடைசி என்று ஒன்று இருக்கிறது. சொல்லகராதியின் கடைசிச் சொல்லும் ஆனபின், அவள் விசையை அழுத்த, இதற்கு மேல் பகுதிகள் இல்லை என்று குரல் இங்கிலீஷில் சொல்லி நின்றது.

பானு விரலை எடுக்காமல் காத்திருந்தாள். செருப்பு விழவில்லை. மேலே எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்கள் சொட்டின. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கையை நீட்டித் துழாவினாள். ஈரக்காற்றுதான் இருந்தது. அதுவரை வராத பயம் அப்போதுதான் வந்தது. கடைசி பஸ்ஸில் திரும்பிய வீராயி, மகள் படியில் சுருண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்ன கண்ணு, என்னாச்சு?"

"வரலீங்மா. அத்தனையும் படிச்சும் வரலீங்க."

வீராயி பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் மகளின் காலைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் பானு வேண்டிய பகுதியை மட்டும் தேடிப் படித்து, மாத்திரைப் பெயர்களைச் சரிசெய்தாள். வேலை நிலைத்தது. செருப்புச் சத்தம் திரும்பவில்லை. இப்போது அவள் கையேட்டைத் திறந்தால் வீராயி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருகிறாள். மலைப்பீன்ஸை நார் உரித்துக்கொண்டே காதைக் கொடுக்கிறாள். பகுதி முடியும்போது அவள் கை நின்றுவிடும், வாசல் பக்கம் பார்ப்பாள்.

"அவ்வளவுதானா சாமி? இன்னும் கொஞ்சம் படிக்க உடேன்" என்கிறாள்.