மேசைக்கு அடியில் ஒரு விண்கலம்

சொந்தத் தங்கையைப் பெண் பார்க்க வந்த நாளில், சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்துக் குறட்டை விட்டவன் நான். தூத்துக்குடியில் என்னைவிடப் பெரிய மடையன் யாராவது இருந்தால் அவனோடு ஒரு டீ குடிக்க ஆசை.

காரணம் உண்டு. பகலில் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குக் காகிதம் எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் விண்கலக் கதை. அந்தக் கலத்தில் மாலுமிகள் தூங்கும் அறை எப்படி இருக்கும் என்று பிடிபடவில்லை. முதலில் ஆளுக்கொரு பால்கனி வரைந்தேன். விண்வெளியில் பால்கனியில் நின்று என்ன செய்வார்கள் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அன்று மதியம், நிஜமாகவே படுத்துப் பார்ப்போம் என்று மேசையைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு உள்ளே குடியேறினேன். ஐந்து மணிக்குத்தானே வருகிறார்கள்!

மாப்பிள்ளை கப்பல் இன்ஜினியர். தங்கைக்கு அதுதான் தயக்கம். “வருசத்துல பாதி கடல்ல ஒரு பெட்டிக்குள்ள கெடக்கவன், கரைக்கு வந்தா மனுசங்ககூடப் பேசுவானா?” என்று காலையில்கூட அம்மாவிடம் கேட்டாள்.

நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். நான் வெளியே போயிருப்பதாக நினைத்து, அம்மா முந்திரி மக்ரூன் இனிப்புத் தட்டை என் தலைக்கு மேலே வைத்திருக்கிறாள். கீழிருந்து குறட்டை. “பூனையா இருக்கும்,” என்று சமாளித்திருக்கிறாள்.

மாப்பிள்ளை போர்வையைத் தூக்கி என் லுங்கியைப் பார்த்தார். “பூனை சாரம் கட்டிருக்கு அத்தை.”

“ஏலே, வெளிய வாலே! மானம் போவுது!” என்று அம்மா கத்தினாள்.

பதறி எழுந்ததில் தலை மேசையில் முட்டி, மக்ரூன் சிதறியது. அவர் சிரிக்காமல் குத்தவைத்து உட்கார்ந்து, என்ன விஷயம் என்று கேட்டார். தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் உளறினேன். கட்டில் இவ்வளவு, விளக்கு இங்கே, சுவரெல்லாம் சத்தமே நுழையாத சுவர் என்று பெருமை வேறு.

“அந்தச் சுவர மட்டும் எடுத்துருங்க அண்ணாச்சி. பக்கத்து கேபின்காரன் இருமுனா எனக்குக் கேக்கும். ஒரு ராத்திரி கேக்கலன்னா காலைல போய்க் கதவத் தட்டுவேன், ஆளு நல்லாருக்கானான்னு.”

சொன்னது என்னிடம், பார்த்தது டீத்தட்டோடு நின்றவளை.

“அவரும் உங்க கதவத் தட்டுவாரா?” தங்கை கேட்ட முதல் கேள்வி அது.

“போன தடவ எனக்குக் காய்ச்சல். அவன்தான் கஞ்சி கொண்டாந்து தந்தான்.”

அவள் தட்டை நீட்டாமல், தம்ளரைத் தானே எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர்கள் போனபிறகு வரைபடத்தில் சுவரை மெல்லிசாக்கினேன். என்னால் சம்பந்தம் கெட்டதோ என்ற பயத்தில் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தேன். மக்ரூன் தூளைக் கூட்டிக்கொண்டிருந்த தங்கையிடம் மெதுவாகக் கேட்டேன்: “ஏளா, என்ன முடிவு?”

“எனக்குச் சம்மதம், கல்யாணத்தன்னைக்கும் நீ மேசைக்கு அடியிலயே கெட.”