அம்மாவைக் காட்டி யாரையும் ஏசாதீர்கள்

எங்கள் அம்மா ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு மரம் வெட்டப் போனார், அதாவது பாலுக்காக ரப்பர் மரப் பட்டையைச் சீவும் வேலைக்கு. அங்கேயே மணமாகி, என்னையும் தம்பியையும் பெற்றார். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது நாங்கள் நகரத்துப் பக்கம், ரஹாங்குக்குக் குடிவந்தோம். அங்கே அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை செய்தார். அப்பா காலமான பிறகும் எங்களை யார் வாசலிலும் நிற்க விடவில்லை.

உறவினர்களே, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அம்மாவின் சாவு வீட்டிலும் இதைத்தான் பேசினீர்கள். "அந்தக் காலத்து ஒடம்புலா. ஒரு நாள் லீவு போட்டிருக்குமா? இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு வேலைன்னாலே கசக்குது" என்று என் காதுபடச் சொன்னீர்கள். அம்மா இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். தம்பி அப்போதுதான் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தான். மனைவி பிரசவ வலியில் துடித்த நாளில், வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்றார்கள். அவன் போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவன் வேலையே வேண்டாம் என்று வந்துவிட்டான்.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, சாப்பாட்டுக்கு நடுவே அவனைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னப் பெத்துட்டுப் பச்ச ஒடம்போட மரம் வெட்டப் போனவடா ஒங்கம்மா! நீ என்னடான்னா பொண்டாட்டி கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிற."

தம்பி தலைகுனிந்தான். அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டியில் போட்டார்.

"ஆசப்பட்டா போனேன்ணே? ஒங்க மச்சான் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. போகலன்னா அடுப்பு எரியாது. பிள்ளைக்குப் பால் குடுக்க முடியாம, நெஞ்சு கட்டிக்கிட்டு, மரத்தடியில ஒக்காந்து அழுதேன். அதப் பெருமைன்னு எம்மவன்கிட்ட சொல்லாதீங்க. அன்னைக்கு ஒருத்தர் என்னை வூட்டுக்குப் போன்னு சொல்லியிருந்தா, ஓடியே போயிருப்பேன்."

மாமா கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அம்மா தடுக்கவில்லை. மறுவாரம் மாமாவே வந்தார். அந்தப் பேச்சை மட்டும் பிறகு எடுக்கவே இல்லை.

அம்மா கடைசி மூச்சுவரை உழைத்தார் என்று யாரும் சொல்ல வேண்டாம். அது பொய். தம்பி லாரி ஓட்டத் தொடங்கியதும் அம்மா வேலையை விட்டார். வெயில் ஏறும்வரை தூங்கினார். கடையில் சுடச்சுட ரொட்டி சானாய் வாங்கிவரச் சொல்லிச் சாப்பிட்டார். பேத்தியோடு கட்டிலில் படுத்துத் தொலைக்காட்சி பார்த்தார். அந்த ஓய்வில் அவருக்குக் கூச்சமே இல்லை. இதயம் தளர்ந்து மருத்துவமனையில் சேரும்வரை அப்படித்தான் மகிழ்ச்சியாக இருந்தார்.

பெரிய மாமாவுக்கும், உணவு அனுப்பிய ரஹாங் அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. மருத்துவமனையில் அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட இளம் தாதியருக்கும், கூடாரம் போட்டு, நாற்காலி சுமந்து, பாடைக்குத் தோள்கொடுத்த பிள்ளைகளுக்கும் தனி நன்றி. அந்தப் பிள்ளைகளில் பலர் சம்பளத்தை விட்டு, விடுப்புப் போட்டுத்தான் வந்தார்கள்.