கூடுதல் இரண்டு ரூபாய்

தாராவியில் தோல் பை தைக்கும் கரீம் பாட்சாவுக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ஒரு தொடர்கதையின் ஐம்பத்திரண்டு வாரமும் அவருக்கு அத்துப்படி. வாராவாரம் மனைவி நூர் நிஷா வாசிக்க, அவர் சாப்பிட்டபடி கேட்பார். கதை முடிந்ததும் அவள் சேர்த்துவைத்த பக்கங்களைத் தோல் ஊசியால் அவரே தைத்துக் கொடுத்தார். அந்தக் கட்டு அவளுடைய டிரங்குப் பெட்டியில் இருந்தது.

அறுபத்து நாலில் அந்தக் கதை புத்தகமாக வந்தது. எழுதியவரே மாட்டுங்கா தமிழ்ச் சங்கத்துக்கு வந்திருந்தார். புத்தகம் நாலு ரூபாய், அவர் கையெழுத்தோடு ஆறு. கூடுதல் பணம் சங்கக் கட்டடத்துக்காம். கூட வேலை பார்க்கும் அய்யாத்துரைக்குச் சிரிப்பு வந்தது.

"கதைக்குக் காசு குடுக்கலாம், சரி. பேரு எழுதுறதுக்கு எதுக்குவே ரெண்டு ரூவா?"

கரீமுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவளுக்கென்று ஆசையாக அவர் எதுவும் வாங்கித் தந்ததில்லை. கையில் இருந்ததோ நாலு ரூபாய். புதுசு வந்தால் பழசு எதற்கு என்று அவருடைய மூளை வேலை செய்தது. நூர் நிஷா குழாயடிக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியிலிருந்த பழைய கட்டை எடுத்துக்கொண்டு போனார். லேபர் கேம்பில் புத்தகங்களை வாடகைக்கு விடும் நயினார் அதற்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நூர் நிஷா புதுப் புத்தகத்தில் இருந்த கையெழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தில் கரீம் பழைய கட்டை விற்றதையும் பெருமையாகச் சொல்லிவிட்டார். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"அதுல ஒவ்வொரு வாரத்துக்குக் கீழயும் நம்ம வீட்டு விசயத்தை எழுதி வச்சிருந்தேங்க. இனி ஊரே வாசிக்குமே."

புதுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு கரீம் செருப்புகூடப் போடாமல் ஓடினார். கடை அலமாரியில் கட்டு இல்லை. நயினார் மேஜைக்கு அடியிலிருந்து அதை எடுத்து நீட்டினார். நாலு வரி கண்ணில் பட்டதுமே மூடிவிட்டதாகவும், அதை வாடகைக்கு விட மனசு வரவில்லை என்றும் சொன்னார். கரீம் அதற்கு ஈடாகப் புதுப் புத்தகத்தை அவரிடம் கொடுத்தார். கையெழுத்துப் போட்டதாயிற்றே, யோசித்துத்தான் தருகிறீரா என்று நயினார் கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட அவர் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கரீம் கதையை விட்டுவிட்டு, அதன் அடியில் இருப்பதை வாசிக்கச் சொன்னார். அவள் வெட்கப்பட்டாள். விடாமல் கெஞ்சிய பிறகு ஒரு மழைக்கால வாரத்தைப் புரட்டினாள்.

"ரயில் ஓடவில்லை. குர்லாவிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்தே வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, நீ பயந்துட்டியா."

கரீமுக்குக் கண் கலங்கிவிட்டது. அடியில் தனியாக ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன என்று விரல் வைத்துக் கேட்டார்.

"எம் பேரு. எழுதினா கையெழுத்துப் போடணும்ல."

அவர் விரலை எடுக்கவில்லை.

"மொதல் வாரத்துலருந்து வாசி, நிஷா," என்றார்.